கோப்பை வென்ற பின் வரும் ஆண்டுகள்

2025 ஆகஸ்ட் மாதம் பொம்மசந்திராவில் வசிப்போர்க்கு எளிதில் மறக்க இயலாத மாதம். அம்மாதம் 10-ஆம் நாள், ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை செல்லும் மெட்ரோ மஞ்சள் தடம் திறந்துவைக்கப்பட்டது. சுமார் 19 கிலோமீட்டர் தொலைவு, 16 நிலையங்கள். ஓசூர் சாலை நெரிசலில் பேருந்துக்குள் நின்றபடியே பல ஆண்டுகளைக் கழித்த தொழிற்பேட்டைப் பணியாளர்கள் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம் தமிழ் வாடிக்கையாளர்கள் பல வாரங்களுக்கு இதைப் பற்றியே பேசினார்கள்.

அதற்கு ஆறு நாட்களுக்கு முன் வெளியான மற்றொரு செய்தி அந்த ஆரவாரத்தில் சற்றே மறைந்துபோனது. இந்த நகரத்தின் பெருமைக்குரிய பெங்களூரு எஃப்சி கால்பந்துக் கழகம், தனது முதல்நிலை அணி வீரர்கள் மற்றும் ஊழியர்களின் சம்பளத்தைக் காலவரையறையின்றி நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இந்தியன் சூப்பர் லீக் போட்டிகளை நடத்துவதற்கான உரிமை ஒப்பந்தம் அவ்வாண்டு டிசம்பருடன் முடிவடைய இருந்தது. புதுப்பிப்பது பற்றி உடன்பாடு ஏற்படாததால் 2025-26 பருவம் ஜூலையிலேயே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. ஆட்டமில்லை, ஆகவே வருவாயுமில்லை என்ற நிலை. கழகத்தின் இளைஞர் அணிகளும் கால்பந்துப் பயிற்சிப் பள்ளிகளும் மட்டும் வழக்கம்போல் இயங்கும் என்று அதே அறிவிப்பில் கூறப்பட்டிருந்தது.

இந்தக் கடைசி வாக்கியமே நம் கவனத்தை ஈர்த்தது. பதினாறு வயதுச் சிறுவன் காலையில் பயிற்சிக்குச் செல்கிறான். அவன் என்றேனும் சேர விரும்பும் அணியின் வீரருக்கோ அம்மாதம் சம்பளம் வருமா என்பது தெரியவில்லை. மகனின் கால்பந்துப் பயிற்சிக்காக வைப்புத்தொகையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாமா, கடன் கிடைக்குமா என்று கேட்டு வரும் பெற்றோரை நாம் அவ்வப்போது சந்திக்கிறோம். மகன் ஒரு போட்டியில் கோப்பை வென்று வந்த வாரத்திலேதான் பெரும்பாலும் அந்தக் கேள்வி வருகிறது. இளம் வயதில் கோப்பை வென்றவர்களின் பிற்கால வாழ்க்கை எவ்வாறு அமைந்தது என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது அத்தகைய பெற்றோருக்கு உதவும் என்று எண்ணினோம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 2022 ஏப்ரல், மே மாதங்களில் கோவாவில் ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் டெவலப்மென்ட் லீக் என்னும் இளைஞர் போட்டி முதன்முறையாக நடைபெற்றது. எட்டு அணிகள் பங்கேற்றன. பெரும்பாலும் 21 வயதுக்குட்பட்ட வீரர்களையே களமிறக்க வேண்டும் என்பது விதி. பயிற்றுநர் நௌஷாத் மூசாவின் கீழ் விளையாடிய பெங்களூரு எஃப்சி இளைஞர் அணி ஏழு ஆட்டங்களிலும் வென்று முதலிடம் பெற்றது. முதலிரு இடங்களைப் பெற்ற பெங்களூரு, கேரள பிளாஸ்டர்ஸ் அணிகளுக்கு இங்கிலாந்து சென்று அந்நாட்டுக் கழகங்களின் இளைஞர் அணிகளோடு ஆடும் வாய்ப்பும் கிடைத்தது.

அந்த அணியில் தமிழர்கள் பெருமையோடு நினைக்கத்தக்க ஒருவர் இருந்தார். சிவகங்கை மாவட்டம் காரைக்குடிக்கு அருகிலுள்ள கண்டனூரைச் சேர்ந்த சிவசக்தி நாராயணன். முன்னாள் இந்திய முன்கள ஆட்டக்காரர் இராமன் விஜயன் நடத்தும் கால்பந்துப் பள்ளியில் பயின்று, அங்கிருந்து பெங்களூருக்கு வந்தவர். இளைஞர் லீக் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்த நிலையில், 2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவில் நடைபெற்ற டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டத்தில் மும்பை சிட்டி அணிக்கு எதிராக முதல் கோலை அடித்தவர் இவரே. பெங்களூரு 2-1 என வென்றது. அதே பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் வளரும் வீரர் விருதும் இவருக்குக் கிடைத்தது. சிற்றூரிலிருந்து புறப்பட்ட இளைஞர் ஓராண்டுக்குள் நாடறிந்த முகமாகிவிட்டார்.

ஆனால் அந்தப் பருவம் முடிந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச் 18 அன்று கோவாவின் ஃபதோர்டா அரங்கில் லீக்கின் இறுதி ஆட்டம். தொடக்க அணியில் சிவசக்தி இடம்பெற்றிருந்தார். அணித்தலைவர் சுனில் சேத்ரி மாற்று வீரராகப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே காயமுற்ற சிவசக்தி வெளியேற நேர்ந்தது. அவருக்குப் பதில் சேத்ரி உள்ளே வந்தார். ஆட்டம் சமனில் முடிந்து பெனால்டி உதைகளில் பெங்களூரு தோற்றது. ஆண்டு முழுவதும் உழைத்துப் பெற்ற இடம் சில நிமிடங்களில் கைநழுவக்கூடும் என்பதே இத்தொழிலின் இயல்பு. வேறெந்தத் தொழிலிலும் ஊழியரின் முழங்காலும் கணுக்காலும் இவ்வளவு பெரிய மூலதனமாக இருப்பதில்லை.

கழகத்தின் இளைஞர் அணி அடுத்த ஆண்டும் அந்த லீக்கை வென்றது. அப்படியானால் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு அணிகள் நிறைய வெற்றி வீரர்கள். முதல்நிலை அணியில் களமிறங்கும் இடங்களோ பதினொன்று. அவற்றிலும் வெளிநாட்டு வீரர்களுக்கும் அனுபவசாலிகளுக்கும் பங்கு உண்டு. மிச்சமிருக்கும் இடங்கள் எத்தனை, அவற்றுக்குக் காத்திருப்போர் எத்தனை பேர் என்று கணக்கிட வணிகவியல் பட்டம் வேண்டியதில்லை.

உலகில் மிகவும் புகழ்பெற்ற இளைஞர் அணியின் வரலாறும் இதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் எஃப்ஏ இளைஞர் கோப்பை 1952-53 பருவத்தில் தொடங்கப்பட்டது. முதல் ஐந்து ஆண்டுகளும் அதை வென்றது மான்செஸ்டர் யுனைடெட். அந்த இளைஞர்களுள் தலைசிறந்தவர் எனப் போற்றப்பட்ட டங்கன் எட்வர்ட்ஸ், 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் நகரில் நிகழ்ந்த விமான விபத்தில் படுகாயமடைந்து, பதினைந்து நாட்கள் போராடி உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 21. அவ்விபத்தில் இறந்த வீரர்கள் மொத்தம் எட்டுப் பேர்.

அதே கழகம் 1992-இல் கிறிஸ்டல் பேலஸ் அணியை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 6-3 என வென்று மீண்டும் இளைஞர் கோப்பையைக் கைப்பற்றியது. இன்று அந்த அணியைப் பற்றிப் பேசுவோர் டேவிட் பெக்கம், ரயன் கிக்ஸ், நிக்கி பட், கேரி நெவில் ஆகிய நால்வரையே குறிப்பிடுகின்றனர். (பால் ஸ்கோல்ஸையும் இந்தப் பட்டியலில் பலர் சேர்த்துவிடுவதுண்டு. அவர் ஆடியது அடுத்த ஆண்டு இறுதி ஆட்டத்தில். அதில் யுனைடெட் தோற்றது.) நால்வரின் சாதனைகளும் சாதாரணமானவை அல்ல. 1999-இல் ஒரே பருவத்தில் மூன்று பெரும் கோப்பைகளையும் வென்ற அணியில் நால்வருமே இருந்தனர். கிக்ஸ் அந்தக் கழகத்துக்காக 963 ஆட்டங்கள் ஆடினார். பெக்கம் இங்கிலாந்துக்காக 115 ஆட்டங்கள்.

நாம் பேச விரும்புவது மற்றவர்களைப் பற்றி.

பென் தார்ன்லி இடப்புற ஆட்டக்காரர். அந்தத் தலைமுறையில் மிகத் திறமையானவர் இவரே என்று கருதியோர் உண்டு. இறுதி ஆட்டத்தில் கோலும் அடித்தார். 1994 ஏப்ரலில், தன் பத்தொன்பதாம் பிறந்தநாளுக்குச் சில நாட்களே இருக்கையில், இரண்டாம் நிலை அணிக்கான ஆட்டமொன்றில் எதிரணி வீரர் மோதியதில் அவரது முழங்கால் சிதைந்தது. மீண்டு வந்து ஹடர்ஸ்ஃபீல்டு போன்ற கழகங்களில் ஆடினார். ஆனாலும் எதிர்பார்க்கப்பட்ட உயரத்தை அவர் எட்டவில்லை.

கிறிஸ் காஸ்பர் தற்காப்பு ஆட்டக்காரர். கேரி நெவிலுக்கு இணையாக நின்று ஆடியவர். 1999 டிசம்பரில், ரெடிங் அணிக்காக ஆடியபோது கால் முறிந்தது. அவருக்கு அப்போது வயது 24. ஆட்டம் அத்தோடு முடிந்தது. பின்னர் பயிற்சித் துறைக்கு வந்து, முப்பது வயதிலேயே பரி என்ற கழகத்தின் மேலாளரானார்.

ஜார்ஜ் ஸ்விட்சர் இடப்புறத் தற்காப்பில் ஆடியவர். கோப்பை வென்ற மறு ஆண்டே விடுவிக்கப்பட்டு டார்லிங்டன் என்ற சிறிய கழகத்துக்குச் சென்றார். அதன்பின் கீழ்நிலைப் போட்டிகளோடு அவரது கால்பந்து முடிந்தது. இறுதி ஆட்டத்தில் கோல் அடித்த காலின் மெக்கீ ஸ்காட்லாந்தின் கில்மார்னக் அணிக்குச் சென்றார். மற்றொரு கோலை அடித்த சைமன் டேவிஸ் வேல்ஸ் நாட்டுக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். பின்னாளில் இளம் வீரர்களுக்குப் பயிற்சியளிப்பவரானார்.

ராபி சாவேஜின் கதை வேறு. 1994-இல் யுனைடெட் அவரை விடுவித்தது. இரண்டு படிகள் இறங்கி க்ரூ என்ற சிறிய கழகத்தில் சேர்ந்தார். தான் வளர்ந்த முன்கள இடத்தை விட்டு நடுக்களத்துக்கு மாறினார். அங்கிருந்து மீண்டும் ஏறி வந்து பிரீமியர் லீகில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். வேல்ஸ் நாட்டுக்காக 39 ஆட்டங்கள். பெக்கமோடு ஒப்பிட்டால் திறமையில் குறைந்தவர்தாம். இறங்கிச் செல்லத் தயங்காதது அவரைக் காப்பாற்றியது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஒரு வங்கி அதிகாரியின் கண்ணில் இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவர் கீத் கில்லஸ்பி. வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்தவர். வலப்புறத்தில் மின்னல் வேகத்தில் ஓடுபவர். காயம் அவரை வீழ்த்தவில்லை. வாய்ப்பும் மறுக்கப்படவில்லை. 1995 ஜனவரியில் ஆண்டி கோலை வாங்குவதற்காக யுனைடெட் பெருந்தொகையோடு கில்லஸ்பியையும் நியூகாசிலுக்குக் கொடுத்தது. தன் நாட்டுக்காக 86 ஆட்டங்கள் ஆடினார். அவர் ஈட்டியது பெரும் பணம். அதை இழந்ததும் அவரேதான். சூதாட்டமும், பிறர் சொல்லக் கேட்டுச் செய்த முதலீடுகளும் சேர்ந்து 70 இலட்சம் பவுண்டுக்கும் மேல் கரைந்தது என்று பின்னாளில் அவரே கணக்கிட்டு எழுதினார். வரி நிலுவையின் காரணமாக 2010-இல் நீதிமன்றம் அவரைத் திவாலானவர் என அறிவித்தது. அப்போது அவருக்கு வயது 35. நம் வங்கியில் ஒருவர் இளநிலை அதிகாரியாக இருந்து அடுத்த பதவி உயர்வை எதிர்பார்க்கும் வயது அது!

நம் நாட்டிலும் கைப்பேசிச் செயலி வழியே பந்தயம் கட்டும் பழக்கம் இளைஞர்களிடையே வேகமாகப் பரவியிருந்தது. பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் வந்தாலும் சபலம் போய்விடுவதில்லை. கையில் திடீரெனப் பணம் புரளும் இளம் வீரர்களின் பெற்றோர் இதில் விழிப்போடு இருப்பது நல்லது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆசிய அளவில் இளைஞர் கோப்பையை இந்தியா வென்றிருக்கிறது என்பதை இன்று பலரும் அறியார். 1974-இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் ஈரானும் 2-2 எனச் சமன் செய்து கோப்பையைப் பகிர்ந்துகொண்டன. அணித்தலைவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஷபீர் அலி. அவர் கொல்கத்தாவின் பெரும் கழகங்களில் ஆடினார். பின் பயிற்றுநராகி 1998-99-இல் சல்கோகர் அணியைத் தேசிய லீகின் வாகையராக்கினார். தியான் சந்த் விருது அவருக்குக் கிடைத்தது 2011-இல், அதாவது கோப்பை வென்று 37 ஆண்டுகள் கழித்து. அதே தலைமுறையின் பிரசூன் பானர்ஜி மோகன் பகான் அணியின் தூணாகத் திகழ்ந்து, பின்னாளில் ஹவுரா தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

அந்தக் காலத்து வீரர்களுக்கும் இக்காலத்து வீரர்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு வருமானத்தின் அளவில் மட்டும் இல்லை. அன்று கால்பந்து ஒரு வேலையோடு சேர்ந்தே வந்தது. இதைப் பெங்களூரைவிடத் தெளிவாகக் காட்டும் நகரம் இல்லை. தூரவாணிநகரில் தொலைபேசிக் கருவிகள் செய்த ஐடிஐ தொழிற்சாலையின் அணி, 1977-இல் தொடங்கப்பட்ட ஃபெடரேஷன் கோப்பையின் முதல் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 1-0 என வென்றது. விமானத் தொழிற்சாலையான எச்ஏஎல்லின் அணி 2010-க்குப் பின்னும் ஐ-லீகில் ஆடியது. அல்சூர், ஆஸ்டின் டவுன், கௌதமபுரா பகுதிகளின் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பந்து நன்றாக உதைத்தால் தொழிற்சாலை வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. கௌதமபுராவில் இன்றும் பீலேவின் சிலை நிற்கிறது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்த சாரங்கபாணி ராமனும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் இம்மண்ணின் பிள்ளைகளே.

வங்கிகளும் இதில் பின்தங்கவில்லை. சென்னையின் இந்தியன் வங்கி அணியும் திருவனந்தபுரத்தின் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் அணியும் தேசிய அளவில் ஆடியவை. காலையில் பயிற்சி, பிற்பகலில் கவுன்டர் என்ற வாழ்க்கையை நம் மூத்த சக ஊழியர்கள் நினைவுகூர்வதைக் கேட்டிருக்கிறோம். ஆட்ட வயது முடிந்தபின் அவர்கள் பதவி உயர்வு பெற்று, ஓய்வூதியத்தோடு வீடு சென்றார்கள். கேரளத்தின் ஐ.எம். விஜயன் சிறுவயதில் திருச்சூர் அரங்கில் சோடா விற்றவர். அவரது திறமையைக் கண்ட கேரளக் காவல்துறை தன் அணியில் சேர்த்துக்கொண்டது. நாட்டின் மிகச் சிறந்த முன்கள வீரரான பின்னும் அந்தப் பணி அவருக்குப் பின்பலமாக இருந்தது. 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

வேலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. இந்திய அணியின் தலைவராக இருந்த வி.பி. சத்யன் இந்தியன் வங்கியில் பணியாற்றியவர்தாம். தீராத முழங்கால் வலியும் மனச்சோர்வும் வாட்டிய நிலையில் 2006-இல், 41 வயதில் மறைந்தார். மாதச் சம்பளத்தால் ஆற்ற முடியாத காயங்களும் இருக்கின்றன. விளையாட்டை விட்டு விலகும் காலத்தில் ஒருவருக்குப் பணத்தைப் போலவே துணையும் மருத்துவமும் தேவைப்படுகின்றன என்பதைக் குடும்பத்தார் மனத்தில் கொள்ள வேண்டும்.

கால்பந்து முழுநேரத் தொழிலானபோது வருமானம் பெருகியது. ஆனால் பணிப் பாதுகாப்பு விலகியது. ஒப்பந்தம் ஈராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ எழுதப்படுகிறது. 2017-இல் நம் நாட்டில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையைப் பாருங்கள். அக்டோபர் 9 அன்று கொலம்பியாவுக்கு எதிராக ஜீக்சன் சிங் தலையால் முட்டி அடித்தது, ஃபிஃபா உலகக் கோப்பை எதிலும் இந்தியாவின் முதல் கோல். அந்தப் பந்தை மூலையிலிருந்து உதைத்து அனுப்பியவர் பெங்களூரில் பிறந்த சஞ்சீவ் ஸ்டாலின். அதன்பின் ஜீக்சன் இந்திய அணியின் நடுக்களத்தில் நிலைபெற்றார். அதே அணியின் சுரேஷ் சிங் வாங்ஜம் பெங்களூரு எஃப்சியில் வேரூன்றினார். சஞ்சீவ் இந்தியன் ஏரோஸ், போர்ச்சுகலின் ஏவ்ஸ் கழகம், கேரள பிளாஸ்டர்ஸ், மும்பை சிட்டி என்று இடம் மாறிக்கொண்டே சென்றார். அவர் திறமையற்றவர் என்பதல்ல காரணம். இன்றைய கால்பந்து வீரரின் வாழ்க்கையே அப்படித்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய ஊர், புதிய ஒப்பந்தம், புதிய சம்பளத் தேதி.

இப்போது கணக்குக்கு வருவோம். வங்கி ஊழியர் 25 வயதில் சேர்ந்து 60 வரை பணியாற்றினால் 35 ஆண்டுகள் ஈட்டுகிறார். கால்பந்து வீரர் 18 வயதில் ஒப்பந்தம் பெற்று, பெருங்காயமின்றி 33 வரை ஆடினால் 15 ஆண்டுகள். அந்த 15 ஆண்டு வருமானம் அதற்குப் பிந்தைய வாழ்நாளின் பெரும்பகுதியைத் தாங்க வேண்டும். வரும் பணத்தில் பாதியைத் தொடாமல் வைத்தால்கூட அது மிகையாகாது.

பொது வருங்கால வைப்பு நிதியின் காலமும் 15 ஆண்டுகள் என்பது பொருத்தமான ஒற்றுமை. பதினெட்டு வயதில் தொடங்கினால் ஆட்டம் ஓயும் வேளையில் கணக்கும் முதிர்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாயும் அதிகபட்சம் 1.5 இலட்சம் ரூபாயும் செலுத்தலாம். 7.1 சதவீத வட்டி மாறாமல் தொடர்வதாகக் கொண்டால், ஆண்டுத் தொடக்கத்தில் 60,000 ரூபாய் செலுத்தி வருபவருக்கு 15 ஆண்டு முடிவில் சுமார் 16 இலட்சம் கிடைக்கும். அதிகபட்சத் தொகையைச் செலுத்துபவருக்குச் சுமார் 40 இலட்சம். சம்பளம் நின்றுபோகும் மாதங்களில் இக்கணக்கு உதவாது; ஐந்து நிதியாண்டுகள் முடிந்த பிறகே ஒரு பகுதியை எடுக்க இயலும். ஆகவே ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே குறுகிய கால வைப்பில் வைத்திருப்பது இன்றியமையாதது. 2025 ஆகஸ்ட் போன்ற மாதம் மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூற முடியாது.

கடன் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். கல்விக் கடன் அங்கீகரிக்கப்பட்ட பட்டம், பட்டயம் போன்ற படிப்புகளுக்கே வழங்கப்படுகிறது. கால்பந்துப் பயிற்சிப் பள்ளிக் கட்டணம் அதில் அடங்குவதில்லை. இதற்காகத் தங்க நகைக் கடனும் தனிநபர் கடனும் வாங்குவோர் உண்டு. பதினான்கு வயது மகன் பத்தொன்பதில் ஈட்டப்போகும் பணத்தை நம்பி வாங்கும் கடன் அது. அதைக் குடும்பத்தின் இன்றைய வருமானத்திலிருந்தே திருப்பிச் செலுத்த முடியுமானால் வாங்கலாம். முடியாதெனில் வேண்டாம் என்றே நாம் கூறிவருகிறோம். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

காப்பீட்டில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில், விபத்தால் மரணமோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 2 இலட்சமும், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 இலட்சமும் கிடைக்கும். 18 வயது நிறைந்த ஒவ்வொரு வீரரும் சேர வேண்டியதே. ஆனால் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு ஆடாமல் இருப்பதற்கு இது இழப்பீடு தராது. கழகத்தின் மருத்துவக் காப்பீடு எதை ஏற்கிறது, காயமுற்ற காலத்தில் சம்பளம் தொடருமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் படித்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவதில் கூச்சம் வேண்டாம்.

பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்துவதே பல குடும்பங்கள் எடுக்கும் மிகவும் விலையுயர்ந்த முடிவு. விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசின் குரூப் சி பணியிடங்கள் இன்றும் நிரப்பப்படுகின்றன; கால்பந்தும் அந்தப் பட்டியலில் உண்டு. இரயில்வே, வருமான வரித்துறை, காவல்துறை ஆகியன வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் பணிக்குரிய கல்வித் தகுதி இருந்தாக வேண்டும். ஊர் ஊராகச் சென்று ஆடும் வீரர் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ பட்டம் பெறலாம். பயிற்றுநராக விரும்புவோர்க்கு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் உரிமப் படிப்புகள் 'டி' நிலையிலிருந்து தொடங்குகின்றன. ஆடிக்கொண்டிருக்கும்போதே முதல் படியை முடித்துவிடலாம்.

மாநில, தேசியப் போட்டிகளில் பங்கேற்ற சான்றிதழ்களே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு ஆதாரம். கோப்பையைக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சான்றிதழைப் பழைய செய்தித்தாள்களோடு போட்டுவிடும் வீடுகள் பல உண்டு. மூலச் சான்றிதழை நெகிழி உறையிட்டு வைத்து, இரண்டு நகல்களை வேறிடத்தில் வைக்கவும்.

பத்து வயது நிறைந்த சிறுவர்கள் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, வங்கி நிர்ணயிக்கும் வரம்புக்குள் தாமே இயக்கலாம். பரிசுத் தொகை எவ்வளவு சிறியதாயினும் அக்கணக்கிலேயே சேர்வது நல்லது. பதினெட்டு நிறைந்ததும் புதிய மாதிரிக் கையொப்பமும் அடையாள ஆவணங்களும் தந்து கணக்கைப் புதுப்பிக்க வேண்டும். வாரிசு நியமனத்தையும் அப்போதே பதிவு செய்துவிடலாம். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரத்தில் மகனும் பெற்றோரும் ஆதார், பான் அட்டை, இரண்டு புகைப்படங்களோடு கிளைக்கு வந்தால் சம்பளக் கணக்கு, தொடர் வைப்பு, வருங்கால வைப்பு நிதி, விபத்துக் காப்பீடு ஆகிய நான்கையும் ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிறோம். பயிற்சி நேரம் காலையாக இருந்தால் மதிய உணவு இடைவேளைக்குப் பின் வரலாம். அப்போது கூட்டம் குறைவு.